டெங்கி: காய்ச்சல் இறங்கும் நாளில் கூடுதல் கவனம் தேவை

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி தொற்றியது. செங்காங் போல வீவக புளோக்குகள் நெருக்கமாக உள்ள வட்டாரங்களில், ஒரு வீட்டில் உருவாகும் ஏடிஸ் கொசு அக்கம்பக்கத்தாரையும் பாதிக்கலாம்.

அறிகுறிகள்

கொசு கடித்த 4 முதல் 10 நாள்களுக்குள் திடீரெனக் கடும் காய்ச்சல் வரும். தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, தசை வலி, குமட்டல், தோலில் சிவப்புத் தடிப்பு ஆகியவையும் ஏற்படலாம்.

காய்ச்சல் இறங்கியதும் குணமாகிவிட்டது என்று பலர் வேலைக்குக் கிளம்பிவிடுகின்றனர். ஆனால், அதற்கடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் நோய் கடுமையாகும் அபாயம் அதிகம். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு, உடல் சில்லிட்டுப்போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசர மருத்துவ வாகனத்திற்கு 995ஐ அழைக்கலாம்.

சிகிச்சை

டெங்கிக் கிருமியை அழிக்கத் தனி மருந்து இல்லை. ஓய்வெடுத்து, நீராகாரம் நிறைய அருந்த வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் இரண்டும் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யவும். நிலவேம்புக் கசாயமோ பப்பாளி இலைச் சாறோ மருத்துவப் பரிசோதனைக்கு மாற்றாகாது.

டெங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. அதனால், ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரலாம். இரண்டாம் முறை கடுமையாகவும் இருக்கலாம்.

தடுப்பு

20 காசு நாணயத்தின் அளவுக்குத் தேங்கிய நீரே கொசு முட்டையிடப் போதும். முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும்.

• பூச்சாடி நீரையும் பூசை அறைச் செம்பு நீரையும் அடிக்கடி மாற்றுங்கள்.

• செடித்தொட்டித் தட்டுகளைக் காலி செய்யுங்கள். இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள்.

• வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள்.

• துணி காயவைக்கும் கழிகளைச் செருகும் குழாய்களை மூடுங்கள்.

• ஊருக்குப் போகுமுன் கழிவறைக் கிண்ணங்களை மூடிவிட்டுச் செல்லுங்கள்.

ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கும். புளோக்கின் கீழ் சிவப்பு டெங்கி எச்சரிக்கைப் பதாகை இருந்தால், அப்பகுதியில் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டுள்ளனர் என்று பொருள். அப்போது வீட்டில் உள்ள அனைவரும் கொசுவிரட்டி பூசிக்கொள்வது நல்லது. டெங்கி கண்டவரும் பூசிக்கொள்ள வேண்டும். அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்தவருக்கு நோயைக் கொண்டுசெல்கிறது.