இறகு தொட்ட பூ

நர்ஸரியில் ரோஜாச் செடி வாங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பூ பெரிதாக இருக்குமா, வருஷம் முழுவதும் பூக்குமா, வேறு யார் வீட்டிலும் இல்லாத நிறமா? இந்த மூன்று கேள்விகளும் தவறாமல் வரும். வாசனை நாலாவதுதான்; சில சமயம் அந்தக் கேள்வி வராமலே போய்விடும். பன்னீர் ரோஜாவின் மணத்தில் வளர்ந்த பாட்டிமார்கள் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால், இயற்கை தராத ஒரு பூவைத் தன் வீட்டு வாசலில் பூக்க வைத்துப் பார்க்கும் ஆசை லேசுப்பட்டதல்ல. அதை முதன்முதலில் தீர்த்துக்கொண்ட மனிதர் பிறகு பயந்தே போனார் என்று சொல்வதுண்டு.

லண்டனை அடுத்த ஹாக்ஸ்டனில் தோட்டமும் செடி வியாபாரமுமாக வாழ்ந்தவர் தாமஸ் ஃபேர்சைல்டு. பூக்களிலும் ஆண், பெண் உண்டு என்று ஜெர்மானிய அறிஞர் கமராரியஸ் 1694-லேயே காட்டியிருந்தார். நாலு பேர் நடுவில் அதைப் பேசக் கூசிய காலம் அது. ஃபேர்சைல்டு பேச்சில் நேரம் போக்கவில்லை. ஸ்வீட் வில்லியம் பூவின் மகரந்தத்தை ஓர் இறகால் தொட்டெடுத்துக் கார்னேஷன் பூவில் தடவினாராம். அந்த விதையிலிருந்து, 1717 வாக்கில், தாயின் ஜாடையும் தகப்பனின் ஜாடையும் கலந்த ஒரு புதுப் பூ வந்தது. ஆனால் அது விதை கொடுக்கவில்லை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த பிராணிக்குச் சந்ததி இல்லையல்லவா? அதனால் அந்தப் பூவுக்கு 'ஃபேர்சைல்டின் கோவேறு கழுதை' என்றே பெயர் வந்துவிட்டது. பாவம், பூவுக்கு இப்படி ஒரு பெயர்! அதன் உலர்ந்த மாதிரி ஒன்று ஆக்ஸ்போர்டில் இன்றும் இருக்கிறது.

ஃபேர்சைல்டு தெய்வபக்தி உள்ளவர். 1729-ல் இறந்தபோது, ஷோர்டிச் தேவாலயத்துக்கு 25 பவுன் எழுதி வைத்திருந்தார். அதன் வட்டியில் வருஷத்துக்கு ஒரு முறை, சிருஷ்டியில் கடவுள் செய்த அற்புதங்களைப் பற்றிப் பிரசங்கம் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கடவுளின் வேலையில் கைவைத்ததற்குப் பரிகாரம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. குற்றவாளி எவனாவது தன் குற்றத்தை வருஷா வருஷம் ஞாபகப்படுத்தப் பணம் வைப்பானா? பயமும் இருந்திருக்கும், பார்த்த அதிசயத்தை விட்டுக்கொடுக்க மனமும் இல்லாமல் இருந்திருக்கும்.

ரோஜாவின் கதை இதற்குப் பிறகு. ஐரோப்பிய ரோஜாக்களில் பெரும்பாலானவை கோடையில் ஒரு தடவை பூத்து ஓய்ந்துவிடும். அடிக்கடி பூக்கும் சீன ரோஜாக்கள் கல்கத்தா வழியாகக் கப்பலேறி அங்கே போயின. வங்காள ரோஜா என்றே அவற்றை அழைத்தார்கள். இரண்டு வம்சமும் கலந்தன. 1867-ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் கியோ என்பவரின் தோட்டத்திலிருந்து 'லா பிரான்ஸ்' வெளிவந்தது. அதன் பெற்றோர் யாரென்று அவருக்கே நிச்சயமில்லை. பெற்றோரைக் குறித்துவைத்துக் கலப்புச் செய்யும் முறையை இங்கிலாந்தில் பிரபலமாக்கிய ஹென்றி பென்னெட், மாடு வளர்த்த விவசாயி. நல்ல காளைக்கும் நல்ல பசுவுக்கும் பார்ப்பதுபோல் ரோஜாவுக்கும் ஜாதகம் பார்த்தார்!

1935-ல் அதே லியோன் பக்கத்தில் பிரான்சிஸ் மெய்யான் செய்த கலப்பில் ஒரு நாற்று தேறியது. மஞ்சள் இதழ், ஓரத்தில் இளஞ்சிவப்பு. யுத்தம் மூளுமுன் அதன் கிளைத்துண்டுகளை ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிவிட்டார். பிறகு எல்லைகள் மூடின. பிரான்ஸில் அதற்கு அவர் தம் தாயாரின் பெயரை வைத்தார். அமெரிக்காவில் 1945 ஏப்ரல் 29-ந் தேதி 'அமைதி' என்று பெயர் சூட்டினார்கள். ஸான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்கக் கூடிய தூதுக்குழுத் தலைவர்களின் அறைகளில் அந்தப் பூவை வைத்தார்கள்.

இந்த ரோஜாவின் விதையைப் போட்டால் இதே பூ வராது. வேறு ஏதோ வரும். ஆகவே மொட்டை எடுத்து வேறொரு ரோஜாவின் தண்டில் ஒட்டுகிறார்கள். உலகத்தில் எத்தனை 'அமைதி' செடிகள் இருந்தாலும், ஒட்டுக்கு மேலே இருப்பது அந்த ஒரே நாற்றின் உடம்புதான். ஒட்டுக்குக் கீழே கொழுகொழுவென்று துளிர்த்தால் நறுக்கிவிட வேண்டும். எங்கள் தெரு மாமி ஒருத்தி அதற்கு ஆசையாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். வருஷக் கடைசியில் முள்ளும் இலையுமாக நின்ற காட்டு ரோஜாவைப் பார்த்து, நர்ஸரிக்காரனைத் திட்டித் தீர்த்தாள்.