சி.இ.ஏ. நார்மல்னா நிம்மதியா இருக்கலாமா?

எங்க ஊர் ஏரியூர்ல இருந்து ஒரு அண்ணன் கேட்ட கேள்விதான் இன்னைக்கு எபிசோடு. "தர்மபுரி போய் ஃபுல் பாடி செக்கப் பண்ணேன் தம்பி. சி.இ.ஏ. நார்மல். அப்போ குடல் கேன்சர் இல்லைதானே?" பதில் சொல்ல நூறு வருஷம் பின்னாடி போகணும்.

1923. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சகோதரி மலக்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். ஆரம்பத்துல அதை சீதபேதின்னு நினைச்சுதான் வைத்தியம் பார்த்தாங்க. குடும்பத்துலயே ஒரு டாக்டர் இருந்தும் இந்த நிலைமை. அந்த இழப்பு அவரை விடவே இல்லை. 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது.

இதுக்கு நடுவுல, 1932-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் கத்பர்ட் டியூக்ஸ், ஆபரேஷன்ல எடுத்த மலக்குடல் கட்டிகளை ஆராய்ந்து வகை பிரித்தார். குடல் சுவருக்குள்ள நின்னா ஏ. சுவரைத் தாண்டினா பி. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தா சி. கட்டி எவ்வளவு பெருசுங்கறதைவிட எவ்வளவு தூரம் போயிருக்குங்கறதுதான் முக்கியம். இன்னைக்கு டாக்டர்கள் சொல்ற 'ஸ்டேஜ்' இந்த வழியில் வந்ததுதான்.

அடுத்து 1965, மாண்ட்ரியல். பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் ஒரே நோயாளியோட கட்டித் திசுவையும், அவர் குடலின் நல்ல திசுவையும் ஒப்பிட்டாங்க. நாம ரெண்டு கோடு ஃபைலுக்கு 'டிஃப்' போடற மாதிரி. கட்டியில் தனியா ஒரு பொருள் தெரிந்தது. கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் அதே இருந்தது. அதுதான் சி.இ.ஏ.

1969-ல் அதை ரத்தத்திலேயே அளந்தாங்க. இனி ஒரு ஊசி போதும்னு நம்பிக்கை வந்தது. ஆனா நிலைக்கலை. புகைபிடிக்கிறவங்களுக்கும், சில கல்லீரல் நோய் உள்ளவங்களுக்கும் அளவு கூடுது. ஆரம்பநிலைக் கட்டி இருக்கற பலருக்கு நார்மலாவே இருக்கு.

அப்போ அது வீணா? இல்லை. நோய் உறுதியான பிறகுதான் அதோட வேலை. ஆபரேஷனுக்கு முன்னாடி எவ்வளவு, அப்புறம் இறங்குதா, மறுபடி ஏறுதான்னு தொடர்ந்து பார்க்க உதவும்.

ஆக அண்ணே, அந்த ஒரு நம்பரை நம்பி அறிகுறியை விட்டுடாதீங்க. மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாம எடை குறையறது: இதுல எது இருந்தாலும் மூலம்னு நாமளே முடிவு பண்ணாம டாக்டரைப் பாருங்க. திசுவை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாதான் உறுதி. 1923-ல் கொலோனோஸ்கோப்பி கிடையாது. இப்போ இருக்கு.