அதிரடிப் பொம்மைகளைப் பாகம் மாற்றி அமைத்தல்

கடையில் வாங்கிய பொம்மைகளின் தலை, கை, கால், கவசம் முதலியவற்றைக் கழற்றி, வேறு பொம்மைகளின் பாகங்களோடு பொருத்திப் புதிய உருவம் ஆக்கும் பொழுதுபோக்கு. ‘கிட்பாஷிங்’ என்றும் சொல்வர். 1977இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்களுக்குப் போர்த்தாங்கி முதலிய மாதிரி உருத் தொகுப்புகளின் துண்டுகள் மேற்பரப்பில் ஒட்டப்பட்டன. மட்டெல் நிறுவனத்தின் ‘ஹீ-மேன்’ பொம்மைக்கு முதல் மாதிரியும் வேறொரு பொம்மையை மாற்றிப் பிறந்ததுதான்: ரோஜர் ஸ்வீட் ‘பிக் ஜிம்’ பொம்மையின்மேல் களிமண் அப்பித் தசை வளர்த்தார்.

1982இல் தொடங்கிய வரிசையின் பழைய 3¾ அங்குல ‘ஜி.ஐ. ஜோ’ உருக்கள் இதற்கு மிக வசதியானவை. முதுகுத் திருகாணியைக் கழற்றினால் போதும். உள்ளே ஒரு ரப்பர் வளையம்தான் இடுப்பையும் மார்பையும் இழுத்துப் பிடித்திருக்கும். இந்தியாவில் இவற்றைத் தயாரித்தது சென்னையின் ஃபன்ஸ்கூல்.

திருகாணி இல்லாத பி.வி.சி. பாகங்களை வெந்நீரில் இளக்கிக் கழற்றலாம். இடைவெளியை எப்பொக்சிப் பசையால் நிரப்பி, தேய்த்து, அக்ரிலிக் வர்ணத்தை மெல்லிய படைகளாகப் பூச வேண்டும். மூட்டு உராயும் இடத்தைச் சுரண்டாமல் விட்டால் வர்ணம் உரிந்துவிடும். தொடக்கக்காரர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பொலித்தீன் பாகங்களில் பசையும் பிடிக்காது, வர்ணமும் நில்லாது.

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைவாசிகளுக்குப் புறக்கோட்டையின் மலிவுப் பொம்மைகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. வெட்டிப் பழக அவையே மேல். கொழும்பின் கடற்கரை ஈரப்பதத்தில் வர்ணம் காய நேரம் எடுக்கும்.