பிஜிபவுன்சர்

பிஜிபவுன்சர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கும் அதை நாடிவரும் வலைச் செயலிகளுக்கும் நடுவே நின்று இணைப்புகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் பிராக்சி மென்பொருள். சி மொழியில் எழுதப்பட்ட இந்தத் திறந்த மூல நிரல் ஐஎஸ்சி உரிமத்தில் கிடைக்கிறது. யாரும் தங்கள் சொந்த சர்வரில் நிறுவி நடத்தலாம். ஸ்கைப் நிறுவனத்தின் எஸ்தோனியப் பொறியாளர்கள் தங்கள் பயன்பாட்டுக்காகவே இதை உருவாக்கி 2007-இல் பொதுவெளியில் வைத்தார்கள். மார்கோ கிரீன் இதன் மூல ஆசிரியர்.

தேவை எழுந்த விதம்

போஸ்ட்கிரெஸ் தன்னிடம் வரும் ஒவ்வோர் இணைப்புக்கும் இயங்குதளத்தில் தனியாக ஒரு புராசஸைத் தொடங்குகிறது. மைஎஸ்கியூஎல் இதே வேலைக்கு ஒரு த்ரெட்டோடு நிறுத்திக்கொள்ளும். தனிப் புராசஸால் ஒரு நன்மை உண்டு: ஓர் இணைப்பின் நினைவகம் இன்னொன்றோடு கலக்காது. ஆனால் செலவு அதிகம். தொடங்கவும் அடையாளம் சரிபார்க்கவும் நேரம் பிடிக்கிறது, சும்மா இருக்கும்போதும் நினைவகம் போகிறது. அதனால்தான் இணைப்புகளின் உச்ச வரம்பு இயல்பாக 100 என்று வைக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றினால் தரவுத்தளத்தையே மறுதொடக்கம் செய்தாக வேண்டும்.

வலைச் செயலி இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். 10 சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 8 புராசஸ்கள், ஒவ்வொரு புராசஸும் 5 இணைப்புகளைக் கையில் வைத்திருக்கிறது என்றால் 400 ஆகிறது. அந்த 400-இல் எந்தக் கணத்திலும் உண்மையில் வினவல் ஓடிக்கொண்டிருப்பவை சிலவே. மற்றவை, பக்கத்தை வடிவமைக்கும் நிரலோ வெளியிலிருந்து வரவேண்டிய பதிலோ முடியட்டும் என்று காத்திருப்பவை.

வரம்பை 1000-க்கு உயர்த்துவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. 2021-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 14, மிகுதியான இணைப்புகளால் ஏற்படும் சுமையை வெகுவாகக் குறைத்தது உண்மை. ஆனாலும் பிராசசரின் கோர்கள் கூடிவிடப் போவதில்லை. கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் கிடைப்பதுதான் ஒரே நேரத்தில் வேலை செய்யத்தக்க இணைப்புகள் என்று போஸ்ட்கிரெஸ் சமூகத்தில் ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு. 8 கோர் கணினிக்கு அது 20-ஐக்கூட எட்டாது. அதற்கு மேல் உள்ளே விடுவதைவிட வாசலில் வரிசையில் நிறுத்துவதே எல்லாருக்கும் விரைவு. அந்த வரிசையை நடத்துவதுதான் பிஜிபவுன்சரின் வேலை. ஒரே புராசஸ், ஒரே த்ரெட், இணைப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோபைட் நினைவகம் என்ற சிக்கனத்தில், செயலிகள் பக்கம் ஆயிரக்கணக்கான இணைப்புகளை அதனால் தாங்க முடிகிறது.

மூன்று முறைகள்

தரவுத்தள இணைப்பை ஒரு செயலியிடம் எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்பதற்கு மூன்று முறைகள் உள்ளன. இயல்பாக அமைந்திருப்பது அமர்வு முறை: செயலி துண்டித்துக்கொள்ளும் வரை இணைப்பு அதற்கே சொந்தம். இதில் எதுவும் உடையாது. ஆனால் இணைப்பை நாள் முழுக்கப் பிடித்துவைக்கும் செயலிகளுக்கு இதனால் மிச்சமாவதும் ஒன்றுமில்லை. வினவல் முறை இதற்கு நேர் மறுகோடி. ஒவ்வொரு வினவல் முடிந்ததும் இணைப்பைப் பிடுங்கிக்கொள்வதால் பல வினவல்களைக் கொண்ட பரிவர்த்தனைக்கே இடமில்லை, எனவே அரிதாகத்தான் பயன்படுகிறது. நடுவில் இருக்கும் பரிவர்த்தனை முறைக்காகவே பெரும்பாலோர் பிஜிபவுன்சரை நிறுவுகிறார்கள். பரிவர்த்தனை முடிந்த கணமே இணைப்பு அடுத்தவர் கைக்குப் போகிறது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. தான் பேசிக்கொண்டிருப்பது முதலிலிருந்து கடைசிவரை ஒரே இணைப்போடுதான் என்று செயலி நம்பிக்கொண்டிருக்கும். அந்த நம்பிக்கை இந்த முறையில் செல்லாது. பல நிறுவனங்களின் தரவை ஒரே தரவுத்தளத்தில் வைத்திருக்கும் செயலியை எடுத்துக்கொள்வோம். யாருடைய தரவைக் காட்டலாம் என்பதை அது ‘செட்’ கட்டளையால் அமைத்துவிட்டு வினவுகிறது. பரிவர்த்தனை முடிந்தபின்னும் அந்த அமைப்பு இணைப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதே இணைப்பு அடுத்து வேறொரு நிறுவனத்தின் பயனருக்குப் போனால், ஒருவர் கணக்கு இன்னொருவர் திரையில் தெரியக்கூடும். பரிவர்த்தனையோடு மறைந்துவிடும் ‘செட் லோக்கல்’ கட்டளையைப் பயன்படுத்துவதே இதற்குத் தீர்வு. பரிவர்த்தனை முறைக்கு மாறுமுன் நிரலில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

ஆலோசனைப் பூட்டுகளும் இப்படித்தான். அமர்வு அளவில் ஓர் இணைப்பில் போட்ட பூட்டைத் திறக்கும் கட்டளை வேறோர் இணைப்புக்குப் போய்ச் சேரக்கூடும், பூட்டு அப்படியே கிடக்கும். வலைச் செயலிகளை எழுத உதவும் ரெயில்ஸ் தன் அட்டவணை மாற்றங்களை இத்தகைய பூட்டைக் கொண்டுதான் காக்கிறது என்பதால், அந்த வேலைகளையும் காப்புப்படி எடுப்பதையும் பிராக்சியைச் சுற்றிக்கொண்டு நேரே தரவுத்தளத்தோடு செய்வது நல்லது. ‘லிசன்’ கட்டளையும் இந்த முறையில் பயன்படாது. ஒருமுறை தயாரித்து மீண்டும் மீண்டும் இயக்கும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்கள் நெடுங்காலம் இதே பட்டியலில் இருந்தன. 2023-இன் 1.21 பதிப்பு, டிரைவர்கள் நெறிமுறை வழியாக உருவாக்கும் ஸ்டேட்மென்ட்களை நினைவில் வைத்து, எந்த இணைப்பில் இல்லையோ அங்கே மீண்டும் உருவாக்கிக் கொடுக்கத் தொடங்கியது. எஸ்கியூஎல் கட்டளையாக எழுதப்படுபவற்றுக்கு அந்த வசதி இல்லை.

நிறுவுதலும் நடத்துதலும்

போஸ்ட்கிரெஸ் 5432 போர்ட்டில் கேட்கிறது, பிஜிபவுன்சர் 6432-இல். செயலியில் முகவரியையும் போர்ட்டையும் மாற்றினால் போதும். ஓர் அமைப்புக் கோப்பு, பயனர் பட்டியலுக்கு இன்னொரு கோப்பு. ரூட் பயனராக இயக்க முயன்றால் மறுத்துவிடும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் சான்றுகள் இந்தக் கணினியில் இருப்பதால், பயனர் பட்டியல் கோப்பின் அனுமதிகளையும் டிஎல்எஸ் குறியாக்கத்தையும் முதல் நாளே சரிசெய்வது அவசியம்.

பகிர்ந்து கொடுக்கத் திறந்து வைக்கும் தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பான பூலின் அளவு இயல்பாக 20. இது மொத்தத்துக்கு அல்ல, பயனரும் தரவுத்தளமும் சேர்ந்த ஒவ்வோர் இணைக்கும். 5 பயனர்கள் 4 தரவுத்தளங்களை அணுகினால் 20 பூல்கள், ஆக 400 இணைப்புகள்: தப்பிக்க நினைத்த எண்ணுக்கே திரும்பி வந்துவிடும். செயலிகள் பக்கத்து உச்ச வரம்பும் இயல்பாக 100 மட்டுமே. அதை உயர்த்தும்போது இயங்குதளத்தின் திறந்த கோப்பு வரம்பையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். வரிசையில் நிற்கும் வினவல் 120 வினாடிகள் பொறுத்திருக்கும். வலைப்பக்கத்துக்கு அது மிக நீளம், படிக்க வந்தவர் அதற்குள் போயிருப்பார்.

ஒரே த்ரெட் என்பதால் ஒரு கோருக்கு மேல் பயன்படாது. போக்குவரத்து மிகுந்தால் ஒரே போர்ட்டில் பல பிரதிகளை இயக்கலாம். பிராக்சி நின்றால் தளமே நிற்கும் என்பதால் இரண்டாவது பிரதி எப்படியும் வேண்டும். தரவுத்தளப் பதிவேடுகளில் செயலியின் முகவரிக்குப் பதில் பிராக்சியின் முகவரியே தெரியும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒரே சர்வரில் ஓடும், தனக்குள்ளேயே பூல் வைத்திருக்கும் சிறு செயலிக்கு இது எதுவும் தேவையில்லை.

நிர்வாகத்துக்கென்று ‘பிஜிபவுன்சர்’ என்ற பெயரிலேயே ஒரு கற்பனைத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் நுழைந்து ‘ஷோ பூல்ஸ்’ என்றால் எத்தனை செயலிகள் காத்திருக்கின்றன, முன்னால் நிற்பது எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று காட்டும். ‘பாஸ்’ என்றால் ஓடிக்கொண்டிருக்கும் பரிவர்த்தனைகளை முடியவிட்டு, தரவுத்தளத்தோடு உள்ள இணைப்புகளை மூடிக்கொண்டு, புதிதாக வருபவற்றை நிறுத்திவைக்கும். அந்த இடைவெளியில் போஸ்ட்கிரெஸை மறுதொடக்கம் செய்துவிட்டு ‘ரெஸ்யூம்’ கொடுத்தால், செயலிகளுக்குப் பிழைச் செய்தி போகாது. ஒரு பக்கம் வழக்கத்தைவிடச் சில வினாடிகள் தாமதமாகத் திறந்தது என்பது மட்டுமே பயனருக்குத் தெரியும்.