கைத்திறனும் கையொப்பமும்

இருபது ஆண்டுகள் சுவர் எழுப்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். தூக்குநூல் பிடித்தால் மயிரிழை பிசகாது. கலவையைக் கண்ணால் பார்த்தே மணலின் அளவைச் சொல்லுவார். அவர் எழுப்பிய வீடுகளில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஆயினும், “நீர் இத்தொழிலைச் செய்தவர் என்பதற்குச் சான்று எங்கே?” என்று ஓர் அலுவலகம் கேட்குமாயின் அவர் வாயடைத்து நிற்கிறார். அவர் கையில் காய்ப்பு உண்டு, காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவருடைய அனுபவம் அரசின் ஏட்டில் ஏறுவதில்லை.

உழைப்பு ஒருவருடையதாகவும், அவ்வுழைப்புக்குச் சாட்சி சொல்லும் அதிகாரம் வேறொருவருடையதாகவும் இருக்கும் நிலை, ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் நாடுகள் பலவற்றில் உண்டு. அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் வரலாற்றில் இந்நிலை தெளிவாகப் பதிவாகியுள்ளது. அவ்வரலாறு நமக்கு அயலானது அன்று. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946ஆம் ஆண்டில் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதித் தொடர்பு கொண்டார். அவ்விருவரும் திறந்து வைத்த பலகணி வழியாகவே நாமும் அந்நாட்டை நோக்குவோம்.

பாலம் ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது

ஹோரேஸ் கிங் என்பவர் 1807ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவரை உடைமையாகக் கொண்டிருந்த ஜான் காட்வின் ஒரு பாலம் கட்டும் ஒப்பந்தக்காரர். 1832ஆம் ஆண்டில் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களின் எல்லையில் ஓடும் சட்டஹூச்சி ஆற்றின்மீது கொலம்பஸ் நகரில் பாலம் அமைக்கும் பணியைக் காட்வின் ஏற்றார். அப்பணியில் கிங்கின் திறமை வெளிப்பட்டது. பின்னர் அவர் தென் மாநிலங்கள் பலவற்றில் மரப்பாலங்கள் அமைத்துப் பெரும்புகழ் பெற்றார். ஆனால் அடிமையாக இருந்த காலம் வரை அவருடைய அனுபவமும் சட்டத்தின் கண்ணில் உடைமையாளரின் சொத்தே. அடிமைக்குத் தன் பெயரில் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

1846ஆம் ஆண்டில் அலபாமா சட்டமன்றம் தனிச்சட்டம் ஒன்றினால் அவருக்கு விடுதலை அளித்தது. அதன் பின்னரே அவர் தம் பெயரால் தொழில் நடத்தினார். உள்நாட்டுப் போருக்குப் பின் அதே அலபாமா சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் அமர்ந்தார். ஒரு மனிதருடைய திறமை அவருக்கே உரியது என்று ஒப்புக்கொள்ள ஒரு சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது! கிங் என்னும் ஒருவருக்கு அது கூடியது. அவரோடு மரம் அறுத்த, கல் சுமந்த ஆயிரமாயிரம் பேருக்கு எந்த மன்றமும் கூடவில்லை.

உரிமம் என்னும் வாயில்

1865ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. தென் மாநிலங்களில் தச்சு, கொத்து, கொல்லு ஆகிய தொழில்களில் கறுப்பினத்தவர் அப்போது பெரும் பங்கு வகித்தனர். ஆனால் அதன் பின்னர் புதியதொரு வாயில் எழுந்தது. அதுவே உரிமம்.

உரிம முறை தோன்றியதற்கு நல்ல காரணங்களும் உண்டு. நகரங்கள் பெருகின. கழிவுநீர்க் குழாய் சரியாக அமையாவிடின் நோய் பரவும். மின்கம்பி சரியாக அமையாவிடின் தீப்பற்றும். ஆகவே தேர்ச்சி பெற்றவரே இத்தொழில்களைச் செய்யலாம் என மாநிலங்களும் நகராட்சிகளும் விதி வகுத்தன. விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் தேர்ச்சியை அளக்கும் குழுக்களில் அமர்ந்தவர்களோ, முன்னமே அத்தொழிலில் இருந்த வெள்ளையர்கள். கறுப்பினத்தவரைச் சேர்க்காத தொழிற்சங்கங்களின் உறுப்பினர்கள். பல ஊர்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் தேர்வு எழுதவும் அனுமதிக்கப்படவில்லை. முழுத் தொழிலும் அறிந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் ‘உதவியாள்’ என்ற பெயரிலேயே வைக்கப்பட்டனர்.

இத்தகைய வாயிலைக் கடந்தோரும் உண்டு. டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த மக்கிசாக் குடும்பத்தின் மூதாதை, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டுக் கட்டடத் தொழில் கற்றவர். அவர் வழிவந்த மோசஸ், கால்வின் என்னும் சகோதரர்கள் தந்தையிடமிருந்து தொழிலைக் கற்றதோடு நில்லாமல், அஞ்சல் வழியாகக் கட்டடக்கலைப் பாடமும் பயின்றனர். 1921ஆம் ஆண்டில் அம்மாநிலம் கட்டடக் கலைஞர்களுக்குப் பதிவுச் சட்டம் இயற்றியது. 1922ஆம் ஆண்டில் இருவரும் உரிமம் பெற்றனர். டஸ்கிகியில் கறுப்பின விமானிகளுக்குப் பயிற்சியளித்த விமானத்தளத்தை அமைக்கும் ஒப்பந்தம் 1942ஆம் ஆண்டில் அவர்கள் நிறுவனத்துக்கே கிடைத்தது. அதன் மதிப்பு சுமார் 57 லட்சம் டாலர். கைத்திறனோடு எழுத்தும் சேர்ந்தமையால் விளைந்த பயன் இது.

நான்கு ஆண்டுகளுக்கு யார் சாட்சி?

இன்று அந்நாட்டில் உரிம முறை எவ்வாறு இயங்குகிறது என்பதற்குக் கலிபோர்னியா மாநிலம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 1929ஆம் ஆண்டில் ஒப்பந்தக்காரர் உரிமச் சட்டம் வந்தது. 1938இல் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டளவில், எவ்வளவு அனுபவம் வேண்டும் என்று வரையறுக்கும் அதிகாரமும் உரிம வாரியத்துக்குக் கிடைத்தது.

இப்போதுள்ள விதிப்படி, விண்ணப்பத்துக்கு முந்தைய 10 ஆண்டுகளுக்குள் குறைந்தது 4 ஆண்டுகள், பிறர் மேற்பார்வையின்றித் தாமே முழுத்தொழிலையும் செய்யவல்ல தேர்ந்த தொழிலாளியாகவோ, அதற்கு மேற்பட்ட நிலையிலோ பணியாற்றியிருக்க வேண்டும். தொழிற்கல்விக்கும் முறையான பயிற்சிக்கும் 3 ஆண்டுகள் வரை கழிவு உண்டு. ஓராண்டேனும் களத்தில் உழைத்திருத்தல் வேண்டும். உதவியாளாக உழைத்த காலம் இக்கணக்கில் சேராது. இந்த அனுபவத்தை நேரில் கண்டறிந்த ஒருவர், பொய்யுரைத்தால் தண்டனை உண்டு என்பதை அறிந்து, சான்றுப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். முதலாளி, உடன் உழைத்தவர், தொழிற்சங்கப் பொறுப்பாளர், கட்டட ஆய்வாளர், பொறியாளர் போன்றோர் அவ்வாறு சான்றளிக்கலாம். வாரியம் ஐயுற்றால் ஊதியச் சீட்டு, வரிப் படிவம், ஒப்பந்தம், கட்டட அனுமதி, பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கேட்கும்.

விதி நேர்மையானதே. வீடு கட்டுவோரின் பணத்துக்கும் உயிருக்கும் பாதுகாப்பு வேண்டுமன்றோ? ஆயினும் வரலாற்றை அறிந்தவர் இரண்டு வினாக்களை எழுப்பாமல் இரார். திறமை இருந்தும் ‘உதவியாள்’ என்றே எழுதப்பட்டவருக்கு நான்கு ஆண்டுகள் எங்கிருந்து வரும்? கையொப்பமிட வேண்டியவர் மனமுவந்து இடாவிட்டால் என் செய்வது?

இரண்டாம் வினா வெறும் கற்பனையன்று. நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் வெப்பக்காப்புத் தொழிலாளர் சங்கம் ஒன்று, உறுப்பினரின் மகனோ நெருங்கிய உறவினரோ மட்டுமே புதிதாகச் சேரலாம் என்றும், அவரையும் இருக்கும் உறுப்பினர்கள் பரிந்துரைத்து வாக்களித்து ஏற்க வேண்டும் என்றும் நடந்துவந்தது. உறுப்பினர் அனைவரும் வெள்ளையர். தந்தைக்குப் பின் மகன் என்ற இம்முறை நம் நாட்டுச் சாதி முறையை நினைவூட்டவில்லையா? 1969ஆம் ஆண்டில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கெதிரான ஆணையை உறுதிசெய்தது. அதே ஆண்டில், தொழிலாளர் துறையின் துணைச் செயலாளராக இருந்த ஆர்தர் பிளெட்சர் என்னும் கறுப்பினத் தலைவரின் முயற்சியால் ‘பிலடெல்பியா திட்டம்’ வந்தது. கூட்டரசின் கட்டுமான ஒப்பந்தம் பெறுவோர், 6 தொழில்களில் சிறுபான்மையினரைச் சேர்க்க இலக்கு வகுத்துக்கொள்ள வேண்டும் என்றது அத்திட்டம்.

1971ஆம் ஆண்டில் வந்த மற்றொரு தீர்ப்பு கட்டடத் தொழிலைப் பற்றியது அன்று எனினும், காகிதத்துக்கும் வேலைக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கியது. வட கரோலினாவின் மின்நிலையம் ஒன்றில் கறுப்பினத்தவர், ஊதியம் மிகக் குறைந்த கூலிப் பிரிவில் மட்டுமே வைக்கப்பட்டிருந்தனர். பிற பிரிவுகளுக்குச் செல்ல உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் தேர்வுகளும் வேண்டும் என்றது நிறுவனம். அச்சான்றிதழ் இல்லாமலே முன்னர் சேர்ந்த வெள்ளையர்களோ அப்பிரிவுகளில் நன்றாகவே பணிபுரிந்தனர். 13 கறுப்பினத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், வேலைக்குத் தொடர்பில்லாத தகுதியைக் கேட்டு ஓரினத்தவரை விலக்குவது சட்டப்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அநீதிக்கும் சான்று கேட்ட நீதிமன்றம்

இவ்வரலாற்றில் நம் இளைஞர்கள் மறவாமல் கற்க வேண்டிய பாடம் ரிச்மண்ட் நகர வழக்கு. வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் அக்காலத்தில் மக்கள்தொகையில் பாதிப்பேர் கறுப்பினத்தவராக இருந்தனர். 1978 முதல் 1983 வரையிலான 5 ஆண்டுகளில் நகராட்சி அளித்த முதன்மைக் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குக் கிடைத்த பங்கு 0.67 விழுக்காடு. நூற்றுக்கு ஒன்று கூட இல்லை! எனவே நகராட்சி, ஒப்பந்தம் பெறுவோர் அதன் மதிப்பில் 30 விழுக்காட்டைச் சிறுபான்மையினரின் நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாக அளிக்க வேண்டும் என விதித்தது.

1989ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்றது. மக்கள்தொகையோடு ஒப்பிடுதல் போதாது; தகுதியுள்ள சிறுபான்மை ஒப்பந்தக்காரர் எத்தனை பேர், அவர்கள் எவ்வாறு விலக்கப்பட்டனர் என்பதை ஆதாரத்தோடு மெய்ப்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. தலைமுறை தலைமுறையாகத் தகுதி பெறவிடாமல் தடுக்கப்பட்ட மக்களிடம், தகுதி பெற்றோர் எத்தனை பேர் என்று கேட்டால் கிடைக்கும் எண் சிறியதாகத்தானே இருக்கும்! நீதிபதி தர்குட் மார்ஷல் இத்தீர்ப்பை வன்மையாக மறுத்து எழுதினார். ஆனால் பெரும்பான்மையின் தீர்ப்பே நின்றது. அதன் பின்னர் அமெரிக்க நகரங்கள் பல, யாருக்கு எவ்வளவு ஒப்பந்தம் கிடைத்தது என்று ஆண்டுவாரியாகக் கணக்கெடுத்து ஆய்வு செய்யத் தொடங்கின. உழைப்புக்கு மட்டுமன்றி, உழைப்பவனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கும் ஏடு வேண்டும் என்று அம்மக்கள் உணர்ந்தனர்.

நம் ஏட்டை நாமே எழுதுவோம்

நம் நாட்டிலும் நிலை வேறன்று. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், 18 முதல் 60 வயதுக்குட்பட்ட தொழிலாளி நலப்பயன் பெறப் பதிவு செய்வதற்கு, முந்தைய 12 மாதங்களில் 90 நாட்களேனும் கட்டட வேலை செய்திருக்க வேண்டும் என்று விதித்தது. ஆண்டு முழுதும் வெயிலில் உழன்றவருக்கு 90 நாள் வேலை பெரிதன்று. 90 நாள் வேலைக்குச் சான்று பெறுவதே பெரிது. அரசுப் பணிகளை ஏற்கும் ஒப்பந்தக்காரராகப் பதிவு பெற முனைவோரிடம், முடித்த பணிகளுக்கான சான்றும் சொத்து மதிப்புச் சான்றும் பொதுவாகக் கேட்கப்படுகின்றன. பிறர் பெயரில் எடுத்த பணியை உள்குத்தகையாக வாங்கி முடித்துக் கொடுத்தவருக்கு இவ்விரண்டும் எளிதில் கிட்டுவதில்லை. காலமெல்லாம் ‘சித்தாள்’ என்றே அழைக்கப்பட்டுக் கொத்தனார் என்னும் பெயரையே காணாத நம் தாய்மார்களின் அனுபவத்தை யார் எழுதி வைத்தார்கள்?

ஆகவே நம் இளைஞர்கள் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. உங்கள் தந்தையும் தாயும் வேலை முடிந்து வீடு திரும்பியதும், அன்று எங்கே, யாரிடம், என்ன வேலை, என்ன கூலி என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பணி முடிந்தால் பொறுப்பாளரிடம் அப்போதே கையொப்பம் பெறுங்கள். நாள் சென்றால் ஆளும் மாறும், மனமும் மாறும். உடன் உழைத்தோர் ஒருவருக்கொருவர் மெய்ச்சாட்சியாக நில்லுங்கள். பொய்ச்சான்று மட்டும் ஒருபோதும் வேண்டா. ஒருவரின் பொய் அவருக்குப் பின்னால் வரும் பத்துப்பேரின் மெய்யையும் ஐயத்துக்குள்ளாக்கும்.

நம் மக்களுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டதன் காரணம், கணக்கு கேட்பார்கள் என்னும் அச்சமே. இன்று நம் வீடுதோறும் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை உண்டு. கல்விக் கழகம் ஒன்று இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்ததன் பயன் வேறென்ன? ஹோரேஸ் கிங்கின் திறமையை அவருடையதென ஏற்க ஒரு சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. நம் பெற்றோரின் உழைப்பைப் பதிவு செய்ய அவர்தம் பிள்ளைகளின் பேனாவே போதும்.