1936: டமாஸ்கஸ் கடைவீதியும் புதுச்சேரி ஆலையும்

   1936-இல் புதுச்சேரியைப் பிரான்ஸ் ஆண்டது. முதல் உலகப் போருக்குப் பின் சிரியாவும் அதே பிரான்சின் பிடிக்குள் போயிருந்தது.

அந்த ஆண்டு புதுச்சேரியும் சிரியாவும் கொதித்தன.

ஜனவரியில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸில் கடைவீதி மூடப்பட்டது. வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவி ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. பிரான்ஸ் இறங்கிவந்தது. தேசியவாதத் தலைவர் ஹாஷிம் அல்-அத்தாஸி தலைமையில் பாரிஸ் சென்ற குழு, பிரெஞ்சுப் பிரதமர் லியோன் ப்ளூமின் அரசோடு செப்டம்பரில் விடுதலை ஒப்பந்தம் செய்துகொண்டது. இதே வேகத்தில்தான் தேசியவாதிகளின் 'இரும்புச் சட்டை' இளைஞர் படையும் உருவானது. சீருடை, அணிவகுப்பு, கை நீட்டி வணக்கம் என எல்லாமே இத்தாலியையும் ஜெர்மனியையும் பார்த்துப் பழகியவை. பக்கத்து ஈராக்கில் கல்வித் துறையின் சாமி ஷவ்கத், சாகவும் கொல்லவும் தெரிந்த தலைமுறையே நாட்டைக் காக்கும் என்று 1933-இலேயே மாணவர்களிடம் முழங்கியிருந்தார். 1936 அக்டோபரில் அங்கே தளபதி பக்ர் சித்கி ஆட்சியைக் கவிழ்த்தார்.

சிரிய இளைஞர்களின் இந்தப் போக்கை வெறும் ஹிட்லர் மோகம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. 1925-இல் கிளர்ந்தெழுந்த டமாஸ்கஸைப் பிரெஞ்சுப் பீரங்கிகள் தாக்கியதைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். குடியரசு, சமத்துவம் என்று பேசிய நாடே தங்கள் தெருக்களை இடித்தபோது, அந்தச் சொற்களின் மீது அவர்களுக்கு எப்படி நம்பிக்கை இருக்கும்? ஆனால் அந்தக் கோபத்துக்கு அவர்கள் தேர்ந்த வடிவம் ஆபத்தானது. அணிவகுப்பில் கீழ்ப்படியத்தான் கற்க முடியும். தலைவனைக் கேள்வி கேட்க அங்கே இடமில்லை.

புதுச்சேரித் தொழிலாளர்களின் கோபம் வேறு வழியில் திரண்டது. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவின் வழிகாட்டலில் அவர்கள் போராடினார்கள். ஜூலை 30 அன்று சவானா பஞ்சாலையில் பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் தலைவனுக்கு வணக்கம் வைக்கும் படையாக மாறவில்லை, சங்கமாகவே நின்றார்கள். அவர்கள் கேட்ட எட்டு மணி நேர வேலை 1937-இல் சட்டமானது. இந்தப் பிடிவாதத்துக்கு உரிய இடத்தைத் தமிழ்ப் பாடநூல்கள் இன்னும் தரவில்லை.

சிரியாவின் ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் கடைசிவரை ஒப்புதல் தரவில்லை. இரும்புச் சட்டைகள் சில ஆண்டுகளில் கலைந்தன. படையே நாட்டைத் திருத்தும் என்ற எண்ணம் மட்டும் கலையவில்லை. 1946-இல் பிரெஞ்சுப் படை வெளியேறியது. 1949-இல், ஒரே ஆண்டுக்குள், டமாஸ்கஸில் ராணுவம் மூன்று முறை ஆட்சியைக் கவிழ்த்தது.