புல்லின் கீழே: பாரிஸ் பூங்காக்கள் பற்றிய சில குறிப்புகள்

பாரிசுக்கு வரும் உறவினர்களுக்கு நாம் காட்டும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஈஃபல் கோபுரம், லா சப்பல் கடைத்தெரு, நேரமிருந்தால் ஒரு பூங்கா. பிள்ளைகள் ஊஞ்சலாட, பெரியவர்கள் புல்லில் அமர்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்கள். "வெள்ளைக்காரன் இயற்கையை எப்பிடிப் பாதுகாக்கிறான் பாருங்கோ" என்று யாராவது ஒருவர் சொல்லுவார். பல வருடங்களாகக் கேட்டுச் சலித்த இந்த வசனந்தான் இக்கட்டுரைக்குக் காரணம். ஏனெனில், பாரிசின் பூங்காக்களில் பாதுகாக்கப்பட்ட இயற்கை என்று ஒன்று அநேகமாக இல்லை. அங்கிருப்பது செய்யப்பட்ட இயற்கை. அது எதன்மேல் செய்யப்பட்டது என்பதே நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

எம்மவர் பலருக்குப் பழக்கமான, 19ஆம் வட்டாரத்திலுள்ள புத் ஷோமோன் பூங்காவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 25 ஹெக்டேர். நடுவில் ஓர் ஏரி, ஏரியின் நடுவில் செங்குத்தான பாறைத் தீவு, அதன் உச்சியில் சிறியதொரு ரோமானியக் கோயில், குகை, குகைக்குள் நீர்வீழ்ச்சி. முதன்முறை பார்ப்பவர் பாறையும் நீரும் ஆதியிலிருந்தே அங்கிருந்தன என்றே நம்புவார். உண்மையில் அந்த இடத்தின் பெயருக்கே 'மொட்டை மலை' என்றுதான் பொருள். எதுவும் முளைக்காத களிமண்ணும் ஜிப்சமும் கொண்ட மேடு அது. பிளாஸ்டர் ஒவ் பாரிஸ் என்று உலகம் முழுவதும் அறியப்பட்ட சாந்துக்கான கல்லை இத்தகைய சுரங்கங்களிலிருந்துதான் வெட்டினார்கள். அருகில், மத்திய காலத்திலிருந்து நூற்றாண்டுக் கணக்காக மன்னர்களின் தூக்குமேடை நின்றது. பிணங்களைப் பலரும் காணும்படி அங்கே தொங்கவிடுவது வழக்கம். பின்னர் நகரத்து மலக்கழிவைக் கொட்டும் இடமாகவும், கிழட்டுக் குதிரைகளைக் கொன்று தோலுரிக்கும் இடமாகவும் அப்பகுதி ஆயிற்று. ஒரு நகரம் தன் கண்ணில் படக்கூடாது என்று நினைத்த எல்லாவற்றையும் அங்கே தள்ளியது.

1860இல் பெல்வில், லா வில்லெத் முதலிய சுற்றுக் கிராமங்கள் பாரிசுடன் இணைக்கப்பட்டன. 1864இல் வேலை தொடங்கியது. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில் நகரை உடைத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒஸ்மானும், அவரது பொறியியலாளர் அல்ஃபோனும் பொறுப்பு. மண் கொண்டுவருவதற்கென்றே தண்டவாளம் போட்டு, இரண்டு லட்சம் கனமீற்றர் அளவில் வளமான மேல்மண்ணைக் கொட்டினார்கள். சுரங்கத்தின் வெட்டுமுகத்தை வெடிவைத்துச் செதுக்கி, சீமெந்தால் ஒட்டிப் 'பாறை'யாக்கினார்கள். நீர்வீழ்ச்சிக்குத் தண்ணீர் குழாய்வழி வருகிறது. மரக்கிளை போலத் தோன்றும் கைப்பிடிகளைத் தட்டிப் பாருங்கள், சீமெந்து. 1867 ஏப்ரல் 1ஆம் திகதி, உலகக் கண்காட்சி தொடங்கிய அதே நாளில், பூங்கா திறக்கப்பட்டது. (யாழ்ப்பாணத்தில் பழைய பூங்காவை உண்டாக்கிய அரசாங்க அதிபர் டைக் இறந்ததும் அதே 1867இல்தான். மரம் நடுவது அக்கால அதிகாரத்தின் கைவேலைகளில் ஒன்று.)

பூங்காக்கள் மீதான மூன்றாம் நெப்போலியனின் மோகம் இலண்டனில் பிறந்தது. ஆட்சிக்கு வருமுன் அவர் அங்கே நாடுகடந்து வாழ்ந்தவர், ஹைட் பார்க்கில் உலாவியவர். இன்று நாம் உட்காரும் இப்புல்வெளிகள் ஓர் அரசியல் அகதியின் கனவிலிருந்து வந்தவை என்றும் சொல்லலாம். அந்த அகதி பின்னர் சதி செய்து சக்கரவர்த்தியானார் என்பது வேறு கதை. மேற்கே புலோஞ் வனம், கிழக்கே வன்சேன் வனம், வடக்கே புத் ஷோமோன், தெற்கே மோன்சூரி எனத் திசைக்கொன்றாக வகுத்த திட்டம் அது. தொழிலாளருக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் பொய்யில்லை. ஆனால், நகர மையத்தில் வீடுகள் இடிக்கப்பட்டு வாடகை ஏறியதால்தான் அந்தத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் பெல்வில் மேட்டுக்கு ஏற நேர்ந்தது. துரத்தியவரே துரத்தப்பட்டவருக்குப் பூங்கா அமைத்துக் கொடுத்தார்.

திறந்து நான்கு வருடங்களில், 1871 மே கடைசி வாரத்தில், பாரிஸ் கொம்யூன் இந்த மேட்டில்தான் தன் இறுதிப் போர்களில் ஒன்றைப் புரிந்தது. வேர்சாய் படைகள் 27ஆம் திகதி மேட்டைப் பிடித்தன. கொல்லப்பட்டவர்களின் உடல்கள் ஏரியில் எறியப்பட்டன, பின் அவை மிதந்தன, பூங்காவுக்குள்ளேயே குவித்து எரிக்கப்பட்டன என்று அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். இன்று அந்த ஏரியில் வாத்துகளுக்குப் பாண் போடுகிறோம். பூங்காவில் நான் கதைகொடுத்துக் கேட்ட எவரும், அயலில் பிறந்த முதியவர்கள் உட்பட, இதை அறிந்திருக்கவில்லை. இங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், பெர் லாஷேஸ் மயானத்தில் ஒரு சுவர் இருக்கிறது. 147 கொம்யூன் போராளிகள் மே 28இல் அதன் முன் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அந்தச் சுவரை எல்லோருக்கும் தெரியும். 1880 முதல் இடதுசாரிகள் அங்கே ஊர்வலம் போகிறார்கள். ஏரிக்கு ஊர்வலம் போக எவருமில்லை. நினைவு தானாக நிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது எமது தமிழ்க் கவிஞர்கள் பலரிடமுள்ள ஒரு மயக்கம். மண் எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆட்கள் கூடி வருடாவருடம் நடந்தால் மட்டுமே அது சாத்தியம்.

15ஆம் வட்டாரத்தில், சேன் ஆற்றங்கரையில், 1992இல் திறக்கப்பட்ட அந்திரே சித்ரோயன் பூங்கா எனக்குத் தனிப்பட்ட முறையில் எரிச்சலூட்டும் இடம். 1915இல் போருக்கான எறிகணைகளைச் செய்வதற்காக அங்கே தொழிற்சாலை எழுந்தது. வேலைசெய்தவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். 1919 முதல் கார்கள். வேலைநிறுத்தங்கள் நடந்தன, பல நாட்டுக் கூலிகள் வந்து போனார்கள். 1970களில் உற்பத்தி நின்றது, பின் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று கண்ணாடி வீடுகள், நிலத்திலிருந்து பீறிடும் நீர்த்தாரைகள், நறுக்கிய புதர்கள் எல்லாம் இருக்கின்றன. தொழிற்சாலையின் சுவரோ புகைபோக்கியோ ஒன்றும் என் கண்ணில் படவில்லை. முதலாளியின் பெயர் மட்டும் வாசலில் நிற்கிறது. வாரத்தில் ஐந்து நாள் பட்டறை இயந்திரத்தின் முன் நிற்கும் எனக்கு, ஓய்வுநாளில் அந்தப் பெயரின் கீழ் நுழைய மனம் வருவதில்லை. இது வரலாற்றாய்வு அல்ல, வெறும் கோபம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

எம்மோடு நேரடியாகத் தொடர்புடைய இடத்துக்கு வருகிறேன். புலோஞ் வனத்தின் ஓரத்தில், பிள்ளைகளை அழைத்துச் செல்லும் கேளிக்கைப் பூங்கா ஒன்று உண்டு: ஜார்தன் தக்ளிமத்தாசியோன். வெளிநாட்டு விலங்குகளையும் தாவரங்களையும் பிரெஞ்சுக் காலநிலைக்குப் பழக்குவதற்கென 1860இல் தொடங்கியது. 1877 முதல் விலங்குகளோடு மனிதர்களையும் காட்சிக்கு வைத்தார்கள். நூபியர்கள் முதலில் வந்தார்கள், வாசலில் வசூல் பெருகியது. 1883இல் 'சிங்களவர்' என்ற பெயர்ப்பலகையின் கீழ் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். 1902இல் 'மலபார்கள்'. அக்காலப் பிரெஞ்சில் தமிழரைக் குறிக்கச் சாதாரணமாக வழங்கிய சொல் அது. ரேயூனியன் தீவில் இன்றும் எம்மவரை 'மல்பார்' என்றே அழைக்கிறார்கள். படங்கள் தபாலட்டைகளாக அச்சிட்டு விற்கப்பட்டன. நாம் 1980களில் அகதிகளாகத்தான் முதலில் இந்நகருக்கு வந்தோம் என்று எழுதிவருகிறோம். கம்பி வேலிக்கு அப்பால் நின்றவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாமா?

இன்னுமொன்று. கொம்யூன் தோற்றபின் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பசிபிக்கிலுள்ள நியூ கலிடோனியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அங்கே 1878இல் கனாக் மக்கள் பிரெஞ்சு ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தபோது, நாடுகடத்தப்பட்ட புரட்சியாளரில் கணிசமானோர் காலனியாதிக்கத்தின் பக்கமே நின்றார்கள். லூயிஸ் மிஷேல் போன்ற ஒருசிலரே கனாக்குகளின் பக்கம். பின் 1931இல், சுமார் நூறு கனாக்குகள் இதே கேளிக்கைப் பூங்காவில் 'மனிதரை உண்போர்' என்று காட்டப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார்கள், பதிலுக்கு முதலைகள் வந்தன. ஒடுக்கப்பட்டவர் இன்னொரு ஒடுக்கப்பட்டவரை இனங்காணுவார் என்பதற்கு வரலாற்றில் உத்தரவாதம் இல்லை என்பதை, முஸ்லிம்களை வடக்கிலிருந்து 1990இல் வெளியேற்றிய ஒரு சமூகத்தின் உறுப்பினனாக நான் வேறெங்கும் தேடிப் படிக்கத் தேவையில்லை.

நகரின் மறுகோடியில், வன்சேன் வனத்தின் கிழக்கு விளிம்பில், வெப்பமண்டலத் தோட்டம் இருக்கிறது. நொஜோன் சூர் மார்ன் புகையிரத நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. எனது பழைய மாணவர் ஒருவர், இப்போது என்னோடு ஒரே பட்டறையில் வேலைசெய்பவர், கூட வந்திருந்தார். 1899இல் காலனிகளுக்கான செடிகளைப் பெருக்குவதற்காக அமைத்த தோட்டம் அது. கோப்பி, கொக்கோ, றப்பர், வனிலா எல்லாம் இங்கே கண்ணாடி வீடுகளில் முளைத்துக் கப்பலேறின. 1907இல் காலனியக் கண்காட்சி: கொங்கோக் கிராமம், இந்தோசீனக் கிராமம், கனாக் கிராமம் என்று செய்து, உள்ளே ஆட்களையும் வைத்தார்கள். முதல் உலகப் போரில் காலனியப் படையினருக்கான மருத்துவமனை. 1916இல் அவர்களுக்கென மரத்தாலான ஒரு பள்ளிவாசலும் கட்டினார்கள், அது இன்றில்லை. போரின்பின் இறந்த வீரர்களுக்கு நினைவுச் சின்னங்கள். அதற்குப்பின் ஏறத்தாழ மறதி. வியட்நாமியக் கோயிலொன்று 1984இல் எரிந்துபோனது. 2003இல் நகரசபை வாங்கி, 2006இல் பொதுமக்களுக்குத் திறந்தது. சில கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டுள்ளன, மற்றவை கிடக்கின்றன. காலனியப் பெருமையைப் பாட எழுப்பிய சிற்பத்தின் துண்டுகள் புல்லுக்குள் சிதறிக் கிடக்கின்றன, மேலே ஐவிக் கொடி.

"சேர், இதைத் துப்புரவாக்கி ஒரு வடிவான பார்க் ஆக்கினா என்ன?" என்றார் மாணவர்.

"ஆக்கினா நீர் இந்தக் கேள்வி கேட்டிருக்க மாட்டீர்" என்றேன். வகுப்பறைப் பழக்கம் விட்டுப்போகவில்லை.

அவர் விடவில்லை. "அப்ப எரிஞ்ச நூலகத்தையும் அப்பிடியே விட்டிருக்க வேணும் எண்டுறியள்?"

இக்கேள்விக்கு அன்று என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ். நூலகத்தைப் புதுக்கி வெள்ளையடித்து 2003இல் திறக்க முற்பட்டபோது, எரிந்த கட்டடத்தை அப்படியே சாட்சியாக வைத்துப் புதிதை வேறிடத்தில் கட்டியிருக்கலாம் என்ற குரல்கள் எழுந்தது நினைவிருக்கும். நான் அந்தப் பக்கம் நின்றவன். இன்று அந்த வெள்ளைக் கட்டடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள், அருகே சுப்பிரமணியம் பூங்காவில் விளையாடுகிறார்கள். இடிபாட்டைக் காப்பதற்கு வசதியான தூரத்தில் நான் இருக்கிறேன், அதன் பக்கத்தில் வாழவேண்டியவர்கள் அவர்கள். ஆனால் கோப்பாய்த் துயிலுமில்லம் இடிக்கப்பட்டு, 2011இல் அவ்விடத்திலேயே இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டதை எந்த நியாயத்தில் அடக்குவது? புலிகளின் அரசியலை ஏற்காதவர்களும், நான் உட்பட, அங்கே கிடந்தவை பிள்ளைகளின் உடல்கள் என்பதை மறக்கமுடியாது. இராணுவம் கட்டியதற்குப் பதில் ஒரு பூங்கா அமைத்திருந்தால், உலகத்தின் கண்ணுக்கு அது இன்னும் அழகாகவும், எமக்கு இன்னும் ஆபத்தாகவும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். முகாமை எதிர்க்கலாம். ரோசாப் பாத்தியை எதிர்ப்பவனை யார் மதிப்பார்கள்?

மாணவர் சொன்னதில் நியாயமுள்ள பக்கமும் உண்டு. லா சப்பலுக்கு அருகே, பழைய றெயில் சரக்கு முற்றத்தில், 2007இல் எயோல் தோட்டம் திறந்தார்கள். பச்சையே காணாத அயலில் தமக்கொரு பூங்கா வேண்டுமென்று அங்குள்ளவர்கள் வருடக்கணக்காகப் போராடிப் பெற்றது அது. அவர்களிடம் போய்ச் சரக்கு முற்றத்தின் வரலாற்றைப் பேசுவது திமிர். அதே தோட்டத்தில் 2016இல் சூடானியரும் ஆப்கானியரும் எரித்திரியரும் கூடாரமடித்துக் கிடந்தார்கள். பொலிஸ் வந்து அகற்றியது. தெருவுக்கு இப்பால் எமது கடைகளில் வியாபாரம் வழமைபோல் நடந்தது. "எங்கட ஏரியா பழுதாப்போகுது" என்று சொன்னவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை.

வருகிற மே மாதக் கடைசி ஞாயிறு, புத் ஷோமோன் ஏரிக்கரையிலிருந்து பெல்வில் ஊடாகப் பெர் லாஷேஸ் சுவர்வரை நடப்பதாக நானும் மாணவரும் தீர்மானித்திருக்கிறோம். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். ஏரியிலிருந்து காலை பத்து மணிக்குப் புறப்படுகிறோம். கூட வர விரும்புபவர்கள் இதழ் முகவரிக்கு எழுதலாம்.